காருக்கு ஏற்ற என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டரைத் தேர்வு செய்வது எப்படி? டப்பாவில் உள்ள எழுத்துகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: கார் சர்வீஸுக்குச் செல்லும்போது உரிமையாளரிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளுள் ஒன்று, எந்த என்ஜின் ஆயில் ஊற்றுவது என்பது. பெரும்பாலோர் அந்த முடிவை மெக்கானிக்கிடமோ கடைக்காரரிடமோ விட்டுவிடுகின்றனர். ஒரே நிறுவனத்தின் தயாரிப்பிலேயே பல வகை டப்பாக்கள் கடையில் அடுக்கப்பட்டிருக்கும் நிலையில், விலை உயர்ந்ததே சிறந்தது என்றோ, தடித்த ஆயிலே பாதுகாப்பானது என்றோ முடிவு செய்வதும் வழக்கமாக உள்ளது. இவ்விரண்டுமே தவறான வழிகாட்டிகள். ஒரு காருக்கு உரிய ஆயில் எது என்பதை அதன் என்ஜினை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே முடிவு செய்து, காருடன் வழங்கப்படும் உரிமையாளர் கையேட்டில் அச்சிட்டுள்ளனர். அந்தச் சில வரிகளைப் புரிந்துகொள்வதும், டப்பாவின் பின்புறம் உள்ள எழுத்துகளோடு அவை ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதுமே உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை.

கையேட்டில் பார்க்க வேண்டியவை: பராமரிப்பு அல்லது தொழில்நுட்ப விவரங்கள் என்ற பகுதியில் நான்கு தகவல்கள் இருக்கும். ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எஸ்ஏஇ எண், ஆயிலின் தர வகை, ஃபில்டருடன் சேர்த்து மாற்றும்போது தேவைப்படும் அளவு, மாற்ற வேண்டிய கால இடைவெளி ஆகியவையே அவை. கையேடு தொலைந்துபோயிருந்தால், பெரும்பாலான கார் நிறுவனங்களின் இணையதளங்களில் அதன் மின்பிரதி கிடைக்கிறது. சில கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மீதே எஸ்ஏஇ எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே பெயரில் விற்கப்படும் காருக்கு ஆண்டுக்கு ஆண்டு என்ஜின் மாறியிருக்கக்கூடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் கார் அதே மாடல் என்பதற்காக அதே ஆயிலை வாங்குவது சரியாகாது.

எண்கள் குறிப்பது என்ன?: டப்பாவின் முகப்பில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்பன போன்ற குறியீடுகள் பெரிய எழுத்தில் இருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த 'ஜே300' என்ற தரநிலையின்படி அமைந்தவை இவை. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக இளகி ஓடும் என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ ஆயில்கள் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ ஆயில்கள் மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயில்கள் மைனஸ் 20 டிகிரியிலும் இதற்கான பரிசோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. கோட்டுக்குப் பின்னுள்ள எண், என்ஜின் சூடேறி 100 டிகிரியை எட்டிய நிலையில் ஆயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் கூறுகிறது. எண் உயர உயர ஆயிலின் தடிப்பும் உயரும்.

இந்தியா வெப்ப நாடு என்பதால் தடித்த ஆயிலே ஏற்றது என்ற கருத்து இங்குதான் பிழைபடுகிறது. ராஜஸ்தானின் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. லடாக்கின் திராஸில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. இவ்விரு இடங்களிலும் ஒரே மாடல் கார் ஓடினாலும், என்ஜின் முழுமையாகச் சூடேறிய பின் ஆயிலின் வெப்பநிலை இரண்டிலும் ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி வரையிலான அளவிலேயே அமையும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதற்காகவே பொருத்தப்பட்டுள்ளன. எனவே வெளியில் நிலவும் வெயிலைக் காட்டிலும் என்ஜினின் உட்புற இடைவெளிகளே ஆயிலின் தடிப்பைத் தீர்மானிக்கின்றன.

அதேபோல், 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் பனி பெய்யும் ஊர்களுக்கு மட்டுமே உரியது என்று கருதுவதும் சரியன்று. ஒரு 0டபிள்யூ-20 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் தடிப்பு, அதே ஆயில் 100 டிகிரியில் இருக்கும் தடிப்பைப் போல் சுமார் ஐந்து மடங்கு. 15டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு ஏழு மடங்கைத் தாண்டும். அதாவது, சென்னையின் இளங்காலையிலும் நாக்பூரின் கோடைக்காலையிலும்கூட என்ஜினைத் தொடங்கும் நொடியில் ஆயில் தேவைக்கு அதிகமான தடிப்புடன்தான் இருக்கிறது. அது மேலேறிக் கேம்ஷாஃப்ட் வரை சென்றடையும் வரையிலான சில நொடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்மானம் ஏற்படுகிறது. விரைந்து பாயும் ஆயில் அந்த இடைவெளியைக் குறைக்கிறது.

தடித்த ஆயில் மீதான நம்பிக்கை காரணமின்றித் தோன்றியதன்று. அம்பாசடர் கார்கள் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆயில்களே பொருத்தமானவையாக இருந்தன. அக்கால என்ஜின்களில் பாகங்களுக்கு இடையிலான இடைவெளிகள் பெரியவை. தற்காலத்து என்ஜின்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் அமைப்பும், டைமிங் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரும் ஆயிலின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. அவற்றுக்குச் செல்லும் துளைகள் மிக நுண்ணியவை. 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் குறைந்தது போன்ற உணர்வு ஏற்படலாம். ஆனால் எரிபொருள் செலவு கூடும், தொடக்க நேரத் தேய்மானம் அதிகரிக்கும், எச்சரிக்கை விளக்கு எரியவும் வாய்ப்புண்டு. ஹைபிரிட் கார்களில் பெட்ரோல் என்ஜின் அடிக்கடி நின்று மீண்டும் இயங்குவதால், அவற்றுள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்னும் இன்னும் மெல்லிய ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது.

இதற்கு மறுதலையும் உண்மையே. மைலேஜ் கூடும் என்று எண்ணி, 5டபிள்யூ-40 கேட்கும் என்ஜினில் 0டபிள்யூ-20 ஊற்றுவது ஆபத்தானது. 150 டிகிரி வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் பேரிங்குகளுக்கு இடையே தாக்குப்பிடிக்க வேண்டிய ஆயில் படலத்துக்கு எஸ்ஏஇ தரநிலை தனி வரம்பு வைத்துள்ளது. '20' எண் ஆயில்களுக்கு அது 2.6 அலகாகவும், 5டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.5 அலகாகவும் உள்ளது. பின்னதை நம்பி வடிவமைக்கப்பட்ட பேரிங்குகளை முன்னதால் முழுமையாகக் காக்க இயலாது. பல கையேடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை அனுமதித்து, வெளிவெப்ப அட்டவணையையும் தருகின்றன. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆயிலைச் சிறிது சிறிதாகக் குடிக்கத் தொடங்கிய என்ஜினுக்கு அந்த அட்டவணைக்குள் சற்றுத் தடித்த எண்ணைத் தேர்வு செய்வதில் தவறில்லை. அட்டவணையைத் தாண்டிச் செல்வதே தவறு.

தர வகையே முக்கியம்: எஸ்ஏஇ எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு ஆயில்கள் ஒன்றாகிவிடுவதில்லை. 5டபிள்யூ-30 என்ற குறியீட்டுடன் விற்கப்படும் ஆயில்களிலேயே பெட்ரோல் காருக்கு உரியதும் உண்டு, டீசல் காருக்கு உரியதும் உண்டு. அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது தர வகை. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த முறையில், 'எஸ்' எனத் தொடங்குபவை பெட்ரோல் என்ஜின்களுக்கும், 'சி' எனத் தொடங்குபவை டீசல் என்ஜின்களுக்கும் உரியவை. பெட்ரோல் வரிசையில் எஸ்என் 2010-லும், எஸ்பி 2020-ஆம் ஆண்டு மே மாதத்திலும், எஸ்க்யூ 2025-ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலும் நடைமுறைக்கு வந்தன. இந்த வரிசையில் பின்வந்த வகை, முன்வந்த வகைக்கு மாற்றாகப் பயன்படும். கையேடு எஸ்என் என்று கூறும் காருக்கு அதே எஸ்ஏஇ எண் கொண்ட எஸ்பி ஆயிலை ஊற்றலாம். எஸ்பி கேட்கும் காருக்கு, கடையில் தேங்கிக் கிடக்கும் எஸ்எம் அல்லது எஸ்எல் ஆயிலை ஊற்றக் கூடாது.

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்போருக்கு இந்த வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடு அல்ல. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசி-க்கு மிகாத பெட்ரோல் என்ஜினும் கொண்ட கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு. ஒரு லிட்டர் அளவிலான சிறிய டர்போ என்ஜின்கள் இங்கு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றுள் எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையில், குறைந்த வேகத்தில் அதிக சுமையுடன் செல்லும்போது, சிலிண்டருக்குள் கசியும் ஆயில் துளிகள் எரிபொருளுடன் கலந்து ஸ்பார்க் பிளக் பொறி தருவதற்கு முன்பே தீப்பற்றும் சிக்கல் எழுந்தது. மேம்பாலத்தில் உயர் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறுவது இதற்கு ஏற்ற சூழல். கடுமையான நேர்வுகளில் பிஸ்டனே உடைந்துபோகும். ஆயிலில் அழுக்கை நீக்கச் சேர்க்கப்படும் கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுவது கண்டறியப்பட்டு, அவற்றின் விகிதம் மாற்றியமைக்கப்பட்டது. 2018-ல் வந்த 'எஸ்என் பிளஸ்' வகையும் அதன்பின் வந்த எஸ்பி வகையும் இச்சிக்கலுக்கான பரிசோதனையைக் கடந்தவை. இத்தகைய காருக்குப் பழைய எஸ்என் ஆயிலைச் சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக வாங்குவது வீண் துணிச்சல்.

பிஎஸ்-6 டீசல் கார்களுக்குக் கூடுதல் கவனம்: தவறான ஆயிலுக்கு மிக அதிக விலை கொடுப்பவர்கள் டீசல் கார் உரிமையாளர்களே. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதிமுறை நடைமுறைக்கு வந்ததையடுத்து, டீசல் கார்களின் புகைப்போக்கிப் பாதையில் டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டி இடம்பெற்றது. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துவிடுவது அதன் பணி. கரி எரிந்துவிடும், ஆனால் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்கள் எரிந்து உருவாகும் சாம்பல் எரியாது. அது வடிகட்டியின் நுண்துளைகளில் நிரந்தரமாகத் தங்கிவிடும். எனவேதான் இவ்வகைக் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயமாகிறது.

ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் கூட்டமைப்பான ஏசிஇஏ வகுத்த 'சி' வரிசை இத்தகைய ஆயில்களைக் குறிக்கிறது. சி2, சி3 வகைகளில் சாம்பல் அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கு ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும்: ஏபிஐ முறையில் 'சி' என்பது டீசல் ஆயில்களுக்கான பொதுவான தொடக்க எழுத்து, ஏசிஇஏ முறையில் அதே எழுத்து, பெட்ரோல், டீசல் கார்கள் இரண்டிலும் புகை வடிகட்டிகளைக் காக்கும் சாம்பல் குறைந்த வகையைக் குறிப்பது. லாரிகளுக்காக விற்கப்படும் 15டபிள்யூ-40 சிஐ-4 பிளஸ் ஆயில் சாலையோரப் பணிமனைகளில் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் சிஐ-4 வகை, டிபிஎஃப் கொண்ட வாகனங்களைக் கருத்தில் கொள்ளாத காலத்தில் 2002-ல் உருவானது. அதைப் பிஎஸ்-6 டீசல் காரில் ஊற்றினால் உடனடியாக எந்த வேறுபாடும் தெரியாது. பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் டிபிஎஃப் அடைப்பு விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கும்போது, காரணம் எதுவென்று யாருக்கும் நினைவிருக்காது. டிபிஎஃப் மாற்றும் செலவு, ஆயில் மாற்றும் செலவைப் போல் பல மடங்கு.

டீசல் கார்களில் இன்னொரு நிகழ்வும் கவனத்துக்கு உரியது. டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. நகருக்குள் குறுகிய தூரமே ஓடும் காரில் இந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுவிட, எரியாத டீசலின் ஒரு பகுதி ஆயிலில் கலந்துவிடுகிறது. அதனால் டிப்ஸ்டிக்கில் ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக உயர்ந்துகொண்டே செல்லும். ஆயில் குறையவில்லையே என்று மகிழ வேண்டிய தருணம் அன்று அது; மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பாராமல் ஆயிலை மாற்ற வேண்டும்.

ஏபிஐ, ஏசிஇஏ வகைகளுக்கு மேலாகச் சில ஐரோப்பிய கார் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி ஒப்புதல் எண்களை வைத்துள்ளன. ஆயிலில் நனைந்தபடியே ஓடும் டைமிங் பெல்ட் கொண்ட என்ஜின்களுக்கும் தனி வரையறை உண்டு. அந்த எண் டப்பாவில் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். 'ஒப்புதல் பெற்றது' என்பதும் 'தேவையை நிறைவு செய்யும்' என்பதும் ஒன்றல்ல. முன்னது கார் நிறுவனம் சோதித்து அளித்த சான்று. பின்னது ஆயில் நிறுவனம் தானே கூறிக்கொள்வது.

சிந்தெடிக் ஆயில் அவசியமா?: கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது மினரல் ஆயில், வேதியியல் முறையில் மூலக்கூறுகளைச் சீரமைத்துப் பெறுவது சிந்தெடிக், இரண்டின் கலவை செமி சிந்தெடிக். எனினும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற சொல் இன்று பெரிதும் விளம்பரச் சொல்லாகவே உள்ளது. மிகக் கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெயையும் சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்ற சர்ச்சை இரு பெரும் ஆயில் நிறுவனங்களுக்கு இடையே எழுந்து, 1999-ல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பு அழைக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. 0டபிள்யூ-20 போன்ற எண்களைச் சாதாரண மினரல் ஆயிலால் எட்டுவது கடினம் என்பதால் அவை பெரும்பாலும் சிந்தெடிக்காகவே இருக்கும். கையேடு கூறும் எண்ணும் வகையும் டப்பாவில் இருந்தால், இந்தச் சொல் குறித்துத் தனியே கவலைப்படத் தேவையில்லை. ஆயிலுடன் கலப்பதற்கென விற்கப்படும் கூடுதல் திரவங்களும் அவ்வாறே. தரமான ஆயிலில் தேவையான சேர்மங்கள் ஏற்கெனவே அளந்து சேர்க்கப்பட்டுள்ளன.

ஆயில் ஃபில்டர் சிறிய பொருள், பெரிய பொறுப்பு: ஆயிலுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடுவோர், சில நூறு ரூபாய் விலையுள்ள ஃபில்டரில் மிச்சம் பிடிக்க முயல்வது விந்தையானது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். என்ஜின் பேரிங்கைத் தேய்க்கும் துகள்களோ அதில் பாதிக்கும் குறைவானவை, கண்ணுக்குத் தெரியாதவை. பம்ப் அனுப்பும் ஆயில் முழுவதும் ஃபில்டரின் மடிப்பு மடிப்பான காகிதம் அல்லது செயற்கை இழை வழியாகச் சென்ற பின்னரே பேரிங்குகளை அடைகிறது.

வடிகட்டுவதுடன் அதன் வேலை முடிவதில்லை. ஃபில்டரின் வாய்ப்புறத்தில், ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். அது தரமற்றதாக இருந்தால் இரவு முழுவதும் ஃபில்டர் காலியாகி, காலையில் என்ஜினைத் தொடங்கியதும் சில நொடிகள் 'கடகட' என்ற ஓசை கேட்கும். சிலிக்கான் ரப்பரால் ஆன வால்வு, சாதாரண ரப்பரைவிட நெடுநாள் இறுகாமல் இருக்கும். இரண்டாவது, பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் மிகத் தடித்திருந்தாலோ இது திறந்து, வடிகட்டப்படாத ஆயிலை நேராக என்ஜினுக்கு அனுப்பும். அழுக்கு ஆயிலாவது கிடைப்பது, ஆயிலே கிடைக்காமல் போவதைவிட மேல் என்பதே இதன் ஏற்பாடு. இந்த வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும்.

திருகிப் பொருத்தும் ஃபில்டர்களை வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் கொண்ட திருகு, பல நிறுவனங்களின் கார்களில் பொதுவாகக் காணப்படுகிறது. எனவே வேறொரு காருக்கு உரிய ஃபில்டரும் கச்சிதமாகப் பொருந்திவிடும், கசியவும் கசியாது. ஆனால் உள்ளே பைபாஸ் வால்வின் அழுத்தம் வேறாக இருக்கலாம். சில என்ஜின்களில் அந்த வால்வு என்ஜினிலேயே அமைந்திருப்பதால், அவற்றுக்கான ஃபில்டரில் அது இருக்கவே இருக்காது. பொருந்துவது வேறு, பொருத்தமானது வேறு. கார் நிறுவனத்தின் உதிரிப் பாக எண்ணையோ, பெயர் பெற்ற ஃபில்டர் நிறுவனத்தின் பட்டியலில் அந்தக் காரின் மாடல், ஆண்டு, என்ஜினுக்கு நேராக உள்ள எண்ணையோ கொண்டே வாங்க வேண்டும். 'எத்தனை மைக்ரான்' என்ற எண்ணை மட்டும் பார்ப்பதாலும் பயனில்லை. அந்த அளவிலான துகளில் எத்தனை சதவீதம் பிடிபடும் என்பதும் சேர்ந்தே கூறப்பட வேண்டும்.

பல புதிய கார்களில் உலோக உறை இன்றி, காகித வடிகட்டியை மட்டும் மாற்றும் வகை உள்ளது. அதில் பெட்டியுடன் வரும் ஓ-ரிங்கையும் கட்டாயம் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் மூடியை எவ்வளவு இறுக்குவது என்பது பெரும்பாலும் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் இறுக்கினால் மூடி விரிசல் விடும். திருகு வகையில், பழைய ஃபில்டரின் கேஸ்கட் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் பொருத்திவிடுவது அவசர வேலையில் நேரும் தவறு. நெடுஞ்சாலையில் அழுத்தம் கூடும்போது கேஸ்கட் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியேறிவிடும். ஆயில் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த பணிமனை வரை ஓட்டிச் செல்லாமல், பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்துவதே சரி.

ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரில் தேங்கியுள்ள அழுக்கு ஆயில் புதிய ஆயிலுடன் கலப்பது மட்டுமன்றி, இரண்டாம் சுற்றில் அது அடைத்துக்கொண்டு பைபாஸ் வால்வு திறக்கும் வாய்ப்பும் அதிகம்.

எப்போது மாற்ற வேண்டும்?: இந்தியாவில் விற்கப்படும் பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அது என்று கையேடுகள் கூறுகின்றன. 'எது முந்துகிறதோ' என்ற சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டரே ஓடும் காருக்கும் ஆண்டுக்கொரு முறை மாற்றம் தேவை. குறுகிய தூரப் பயணங்களில் என்ஜின் முழுமையாகச் சூடேறாததால், ஆயிலில் சேரும் ஈரமும் எரிபொருளும் ஆவியாகி வெளியேறாமல் தங்கிவிடும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகியுள்ள தற்போதைய சூழலில் இது மேலும் கவனிக்கத்தக்கது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது.

கிலோமீட்டர் கணக்கு நகரங்களில் உண்மையை முழுமையாகச் சொல்வதில்லை. சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் பெருநகர நெரிசலில் 10,000 கிலோமீட்டர் ஓட என்ஜின் 500 மணி நேரம் உழைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் சராசரி 70 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரத்துக்குச் சுமார் 143 மணி நேரமே ஆகிறது. இதனால்தான் தூசி, நெரிசல், குறுகிய பயணம் ஆகியவற்றைக் 'கடுமையான பயன்பாடு' என்று வகைப்படுத்தி, பல கையேடுகள் குறைந்த இடைவெளியைத் தனியே குறிப்பிடுகின்றன. இந்திய நகரக் கார்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவுக்குள்ளேயே வருகின்றன. ஆயிலின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவெடுக்க இயலாது. டீசல் காரில் புதிய ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்வது அதன் கடமை.

போலி ஆயிலைத் தவிர்ப்பது எப்படி?: சரியான எண்ணைத் தெரிந்து வாங்கியும், டப்பாவுக்குள் இருப்பது வேறாக இருந்தால் பயனில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களின் காலி டப்பாக்களைச் சேகரித்து, வடிகட்டிய பழைய ஆயிலையோ மலிவான எண்ணெயையோ நிரப்பி விற்கும் கும்பல்கள் நாட்டின் பல பகுதிகளில் பிடிபட்டு வருகின்றன. மூடியின் கீழுள்ள வளையம் உடையாமல் இருப்பது, வாயில் ஒட்டப்பட்ட அலுமினியத் தாள், டப்பாவிலும் மூடியிலும் உள்ள தொகுதி எண், கியூஆர் குறியீடு ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். சட்டமுறை எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை டப்பாவில் இருப்பது கட்டாயம். அச்சிட்ட விலையில் பாதிக்கு ஒரு டப்பா கிடைத்தால், மகிழ்வதற்கு முன் ஐயப்படுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, ஊற்றி முடித்ததும் காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிடுவது. மறுமுறை நிரப்ப இயலாத டப்பாவுக்குப் போலிச் சந்தையில் மதிப்பில்லை. ஃபில்டரிலும் போலிகள் உண்டு. உறை ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிப் பார்த்தால் மடிப்புகள் குறைவாகவும், வால்வு இன்றியும் காணப்படும். சர்வீஸ் சென்டர்களில் பீப்பாயிலிருந்து குழாய் மூலம் ஆயில் நிரப்பப்படும்போது டப்பாவைப் பார்க்க வழியில்லை. அங்கு எஸ்ஏஇ எண், தர வகை, லிட்டர் அளவு ஆகியவை பில்லில் தெளிவாகக் குறிப்பிடப்படுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கையேடு 3.5 லிட்டர் என்று கூறும் காருக்கு 4 லிட்டருக்குக் கட்டணம் கேட்கப்பட்டால் விளக்கம் கோரும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. புகார்களை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

வாரண்டி பறிபோகுமா?: வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி ரத்தாகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. உதிரிப் பாகங்கள் தொடர்பான வழக்கில் இந்திய போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யும் பொதுவான நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும் அந்த ஆணையில் கூறப்பட்டது. அந்த ஆணை மேல்முறையீடுகளுக்கும் நீண்ட சட்டப் போராட்டத்துக்கும் உள்ளானது. நடைமுறையில், வாரண்டி காலம் முடியும் வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரையே நாடுவது வீண் வாதங்களைத் தவிர்க்கும். வெளியில் மாற்றுவோர், ஆயிலின் எண்ணும் வகையும் ஃபில்டர் எண்ணும் கிலோமீட்டர் அளவும் குறிக்கப்பட்ட பில்லைப் பாதுகாத்து வைக்க வேண்டும். பழுது ஏற்படும்போது கையில் இருக்கும் சான்று அதுவே.

ஆயில் மாற்றிய பின்: என்ஜினைச் சில நிமிடங்கள் இயக்கி நிறுத்தி, காரைச் சமதளத்தில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவு இரு கோடுகளுக்கு இடையே இருத்தல் நலம். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு மசகுத் தன்மை இல்லை. பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்பதால், குறையும்போது கால் லிட்டர் வீதம் ஊற்றிப் பார்ப்பது பாதுகாப்பு. தொலைதூரப் பயணத்தில் அளவு குறைந்து, அதே நிறுவன ஆயில் கிடைக்காவிட்டால், ஏபிஐ முத்திரை பெற்ற வேறு நிறுவன ஆயிலைச் சேர்க்கலாம்; முத்திரை பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வடித்தெடுத்த பழைய ஆயில் அபாயகரக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தும் விதிகள் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வீட்டிலேயே ஆயில் மாற்றுவோர், பழைய ஆயிலை மூடியுள்ள கலனிலும், பழைய ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வைத்து வடித்த பின்னரும், பழைய ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் ஒப்படைக்கலாம்.